கோட்டுக்கு மேலே கடவுள், கோட்டுக்குக் கீழே மனசாட்சி

கறம்பக்குடி கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பகுத்தறிவு இயக்கத்து நண்பர் ஒருவர் கேட்டார்: 'மதச்சார்பற்ற நாடுன்னு சட்டத்துல எழுதி வச்சிருக்கான். ஆனா மந்திரி பதவியேத்தா கடவுள் பேரால ஆணைங்கிறான். கோர்ட்ல கூண்டு ஏறினா கடவுள் அறியச் சொல்லுங்கிறான். இத எடுக்கணுமா வேணாமா? நீங்கள்லாம் எழுதுறவங்க, இதப்பத்தி ஒரு வார்த்த எழுத மாட்டேங்கிறீங்களே தோழர்.'

எழுத வேண்டியதுதான். நானும் கடவுள் இல்லாதவன்தான். ஆனால் அவர் பேசப் பேச எனக்கு எங்கப்பா செய்த சத்தியம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

1983ஆக இருக்கலாம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஊர்த்தெருக்காரர் ஒருவரின் தென்னந்தோப்பில் மோட்டார் ஒயர் காணாமல் போய்விட்டது. முதல் நாள் அந்தத் தோப்பில் வேலை செய்தவர் எங்கப்பா. கூப்பிட்டு விட்டார்கள். 'எடுக்கலேன்னா சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணு' என்றார் அம்பலகாரர். கோயிலுக்குள் எங்களை விடமாட்டார்கள் என்பதால் மதில் சுவருக்கு வெளியே, தெருப் புழுதியில், ஒரு ஓட்டாஞ்சில்லில் சூடத்தைக் கொளுத்தி வைத்தார்கள். அப்பா இடுப்புத் துண்டோடு குனிந்து கையால் அணைத்தார். 'நான் எடுக்கல சாமி' என்றார். யாரைச் சாமி என்றார்? உள்ளே இருந்ததையா, எதிரே நின்றவரையா? எங்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

சத்தியம் முடிந்தது. வழக்கும் முடிந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: 'பறப்பய சத்தியத்துக்குச் சாமி வருமா?' எல்லோரும் சிரித்தார்கள். ஐம்பது ரூபாய் குத்தம் போட்டார்கள். அப்பா கட்டினார்.

நாற்பது வருடம் கழித்தும் அந்த வாக்கியம் எனக்குள் கிடக்கிறது. நாத்திக நண்பர்கள் எழுதியிருக்கிற எந்தப் புத்தகத்தையும்விட உறுதிமொழி என்பதன் உள்ளடக்கத்தை அந்த ஆள்தான் சரியாகச் சொல்லிவிட்டார் என்று தோன்றுகிறது. கடவுள் இருக்கிறாரா என்பதல்ல அவருடைய கேள்வி. இந்த ஆளுடைய வார்த்தைக்குக் கடவுள் ஜாமீன் நிற்பாரா என்பதுதான். நிற்கமாட்டார் என்பது ஊரின் முடிவு.

புதுக்கோட்டைச் சீமையே கடவுள் பெயரில் நடந்த அரசுதான். தொண்டைமான் ராஜாக்கள் தங்களைப் பிரகதாம்பாளின் தாசர்கள் என்று பட்டம் போட்டுக்கொண்டார்கள். அம்மன் காசில் ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் 'விஜய' என்று தெலுங்கெழுத்து. 3.3.1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அப்படிச் சேர்ந்த இந்தியாவின் சட்டத்திலும் கோயில் சத்தியம் இருக்கத்தான் செய்தது.

நண்பர்கள் பலருக்கு இது தெரியாது. வெள்ளைக்காரன் 1840ஆம் ஆண்டுச் சட்டத்தில் கங்கை நீரையும் குரானையும் வைத்துச் சத்தியம் வாங்குவதை நிறுத்தி, 'எல்லாம் வல்ல இறைவன் முன்னிலையில்' உறுதி சொன்னால் போதும் என்றான். பிறகு வந்த 1873ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டத்தில் வேறொரு வாசலைத் திறந்துவைத்தான். வழக்கில் ஒரு தரப்பு, 'இன்ன முறையில் சத்தியம் செய்து சொன்னால் அதற்கு நான் கட்டுப்படுகிறேன்' என்று சொல்லலாம். மற்ற தரப்பு ஒப்புக்கொண்டு அப்படியே சொல்லிவிட்டால் அதுவே முடிந்த முடிவான சாட்சியம். பத்திரம், பட்டா, மற்ற சாட்சி எதுவும் அதற்குமேல் எடுபடாது. சாதிக்கும் மதத்துக்கும் எது கட்டுப்படுத்தும் சத்தியமோ அதைச் சட்டமே அங்கீகரித்தது. சென்னை மாகாணத்தில் எல்லாக் கோயில்களையும் திறந்துவிடும் நுழைவுச் சட்டம் வந்ததோ 1947இல்தான். அதுவரை கோயிலுக்குள் கால் வைக்க முடியாதவனுக்கும் இந்தச் சட்டம் பொது. மதிலுக்கு வெளியே நின்றவனுக்கு இதன் பொருள் என்னவாக இருந்திருக்கும்? சட்ட ஆணையம் தன் 28ஆவது அறிக்கையில் இந்தச் சட்டத்தை ஆராய்ந்த பிறகு, 1969இல் வந்த புதுச் சட்டத்தில்தான் இந்தப் பகுதி ஒழிந்தது. சுதந்திரம் வந்து 22 ஆண்டுகள் கழித்து.

(சினிமாக் கோர்ட்டில் பகவத் கீதைமேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறார்களே, அது இந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. டைரக்டர்கள் இயற்றிய சட்டம் அது.)

1969ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அதற்கு முன்பே அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலும், இரண்டு வாய்ப்புகள் உண்டு. கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அல்லது உளமார உறுதி கூறலாம். அட்டவணையை எடுத்துப் பாருங்கள். நடுவே ஒரு கோடு போட்டு, மேலே கடவுளையும் கீழே உறுதிமொழியையும் அச்சிட்டிருப்பார்கள். சட்டப்படி இரண்டும் சமம். ஆனாலும் ஒன்று மேலே, ஒன்று கீழே. ஊரும் சேரியும் மாதிரி ஒரு கோடு. இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். எங்களுக்குக் கோடுகளைப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை.

இந்த இரட்டை வாய்ப்பு எப்படி வந்தது? 1948 டிசம்பர் இறுதியில் அரசியல் நிர்ணய சபையில் குடியரசுத் தலைவரின் உறுதிமொழியைப் பற்றி விவாதம் நடந்தது. கடவுளைச் சேர்க்கவேண்டும் என்று காமத், மகாவீர் தியாகி போன்றவர்கள் நின்றார்கள். அம்பேத்கர் சண்டைக்குப் போகவில்லை. அவர் எடுத்துக்கொண்ட சொல் பிணை. சட்டத்தால் தண்டிக்க முடியாத, வெறும் ஒழுக்கம் சார்ந்த கடமைகள் சில உண்டு. அவற்றை நிறைவேற்றச் சிலருக்குக் கடவுள் பயம் பிணையாக இருக்கிறது. வேறு சிலருக்கு மனசாட்சியே போதும். இரண்டு பேருக்கும் இடம் இருக்கட்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 17.10.1949இல் அதே காமத் முகப்புரையையே கடவுள் பெயரால் தொடங்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 41 பேர் ஆதரவு, 68 பேர் எதிர்ப்பு. கடவுள் ஓட்டெடுப்பில் தோற்றுப்போனார். இந்தக் கணக்கை நாத்திக நண்பர்கள் மகிழ்ச்சியோடு திரும்பத் திரும்பச் சொல்வார்கள். சொல்லட்டும், நல்ல கணக்குதான்.

ஆனால் அம்பேத்கரின் வாதத்தை அவர்கள் பாதியோடு விட்டுவிடுகிறார்கள். கடவுளும் மனசாட்சியும் பிணை நிற்பது, வேறு பிணை இல்லாத இடத்தில் மட்டும்தான். தீண்டாமையை அவர் அந்த இரண்டு பேரிடமும் ஒப்படைக்கவில்லை. 17ஆவது பிரிவில் தீண்டாமை ஒழிக்கப்பட்டது, அதைக் கடைப்பிடிப்பது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்று எழுதினார்கள். மந்திரிக்குக் கடவுளோ மனசாட்சியோ போதும் என்று விட்டவர்கள், சாதி இந்துவுக்குத் தண்டனை வேண்டும் என்றார்கள். இந்த வித்தியாசத்திலிருந்துதான் நாம் பேச்சைத் தொடங்கவேண்டும் என்கிறேன்.

நாத்திகர்களின் குறை பொய்யான குறை அல்ல. சார்லஸ் பிராட்லா கதை அவர்களுக்கு மனப்பாடம். 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்து லண்டன் பாராளுமன்றத்துக்குப் போனார். கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதி கூறுகிறேன் என்றார், மறுத்தார்கள். சரி, வழக்கமான பிரமாணத்தையே எடுத்துக்கொள்கிறேன் என்றார், அதற்கும் மறுத்தார்கள். நாத்திகனின் பிரமாணம் அவனைக் கட்டுப்படுத்தாது என்று காரணம் சொன்னார்கள். கடிகாரக் கோபுரத்தில் கொண்டுபோய் அடைத்தும் வைத்தார்கள். மறுபடி மறுபடி ஜெயித்து 1886இல்தான் உட்கார முடிந்தது. 1888இல் உறுதிமொழிச் சட்டத்தையே மாற்றவைத்தார்.

இதைப் படிக்கும்போது எனக்கு மதில் சுவர் ஓரம் நின்ற அப்பா தெரிகிறார். நாத்திகன் சத்தியத்துக்குக் கடவுள் வரமாட்டார் என்றான் வெள்ளைக்காரன். பறையன் சத்தியத்துக்குச் சாமி வராது என்றான் ஊர்க்காரன். ஆறு வருடம் பிராட்லா எங்கள் தெருவில் குடியிருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு அவர் வீடு மாறிப் போய்விட்டார். அவருக்கு ஓட்டுப் போட ஒரு தொகுதி இருந்தது. அப்பாவுக்கு இருந்தது ஒரு துண்டு.

இனி நம் ஊர்ப் பெருமைக்கு வருவோம். தி.மு.க. அமைச்சர்கள் கடவுளை விட்டுவிட்டு 'உளமார' என்று சொல்வது 1967இலிருந்து ஒரு மரபாகவே பேசப்படுகிறது. அந்த அண்ணாதுரை ஆட்சிதான் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. புரோகிதனும் அக்கினியும் இல்லாமல் இரண்டு பேர் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் அதுவே கல்யாணம் என்றானது பெரிய காரியம். வார்த்தைக்குக் கடவுள் ஜாமீன் வேண்டாம் என்று ஓர் அரசு எழுதிவைத்தது. இதைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை.

ஆனால் உறுதிமொழியின் எந்த வார்த்தையை விடலாம், எதை விடக்கூடாது என்பதையும் பார்க்கவேண்டுமல்லவா? 1963இல் 16ஆவது திருத்தம் வந்தது. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவேன் என்ற வரியை உறுதிமொழியில் சேர்த்தார்கள். வேட்பாளராக நிற்பவனே அதைச் சொல்லியாக வேண்டும். திராவிட நாடு கேட்டவர்களைக் குறிவைத்து வந்த வரி அது. அதற்குக் கோடு கிடையாது, மேலே கீழே கிடையாது, மாற்று வாய்ப்பு கிடையாது. கடவுளை விட்டுவிட்டு மந்திரியாகலாம். இந்த வரியை விட்டால் வேட்புமனுவே செல்லாது. அரசுக்கு உண்மையில் எது கடவுள் என்பது இதில் தெரிகிறதா இல்லையா? உளமார என்ற ஒரு சொல்லைப் பெரிய வெற்றி என்று கொண்டாடுகிற நண்பர்கள் இந்த வரியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அதேபோல, சாதி பார்க்கமாட்டேன் என்றொரு வரியை மந்திரியின் உறுதிமொழியில் சேர்க்கவேண்டும் என்று யாரும் திருத்தம் கேட்டதாகவும் தெரியவில்லை.

மேல்வரியில் எழுதியிருக்கிற கடவுள் யார் என்பதும் ஒரு கேள்வி. 2001இல் கேரளத்தில் கொடுங்கல்லூரில் ஜெயித்த உமேஷ் சள்ளியில், ஸ்ரீ நாராயண குருவின் பெயரால் உறுதி எடுத்தார். தீண்டாச் சாதி என்று தள்ளப்பட்ட ஈழவர்களுக்காகத் தானே சிவலிங்கம் பிரதிஷ்டை செய்தவர் அந்தக் குரு. வழக்கு போட்டார்கள். அந்த உறுதிமொழி செல்லாது என்று 2003இல் உயர்நீதிமன்றம் சொன்னது. 2012இல் உச்சநீதிமன்றமும் அதையே சொன்னது. ஒன்று கடவுள், இல்லாவிட்டால் உளமார, மூன்றாவது கிடையாது. சட்டப்படி சரியாகவே இருக்கலாம். நாத்திக நண்பர்களுக்கும் இதில் குறையில்லை, மனிதரைக் கடவுளாக்குவது தப்புதானே என்கிறார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாக மனம் ஒப்பவில்லை. பெயர் போடாத கடவுள் என்றால் ஒவ்வொருவனும் தன் சாமியை மனசுக்குள் நிரப்பிக்கொள்வான். அங்கே யார் வந்து உட்காருவார் என்று நமக்குத் தெரியாதா? தன்னை மனிதனாக்கிய ஒருவரின் பெயரை வாய்விட்டுச் சொன்னவன்தான் மாட்டிக்கொண்டான். 2024இல் மக்களவையில் பதவியேற்றவர்களில் சிலர் முடிவில் 'ஜெய்பீம்' என்றார்கள். அதற்குப் பிறகு, உறுதிமொழிக்கு முன்னோ பின்னோ ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது என்று அவைத் தலைவர் விதியைத் திருத்தினார்.

உறுதிமொழி எடுத்த தலித்துக்கு என்ன ஆனது என்று பார்த்தால் விவாதம் வேறு இடத்துக்குப் போகிறது. 1996இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் முருகேசன் தலைவரானார். 30.6.1997இல் பேருந்தை மறித்து அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்து வருடம் தேர்தலே நடக்கவிடவில்லை. நடந்தபோதும் ஊர்க்காரர்களே நிறுத்தி ஜெயிக்கவைத்த ஆள் பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதிக்கொடுத்தார். 2006இல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. உறுதிமொழியைச் சொல்லி முடித்துவிட்டு உடனே அதை முறிக்கிற கையெழுத்தையும் போடுகிறானே ஒருவன், அவன் கடவுள் பெயரால் எடுத்தானா, உளமார எடுத்தானா என்று யாராவது கேட்டார்களா? இரண்டில் எது அவனைக் காப்பாற்றியிருக்கும்?

எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வருடமும் ஜனவரி 30 அன்று தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். நாத்திகர்கள் கேட்கிற மாதிரியே இருக்கும். அதில் கடவுள் இல்லை; அரசியல் சட்டத்தின்மீது பற்று உண்டு, உளமாரவும் உண்டு. 2021இலிருந்து பெரியார் பிறந்த நாளில் சமூகநீதி நாள் உறுதிமொழி, 2022இலிருந்து அம்பேத்கர் பிறந்த நாளில் சமத்துவ நாள் உறுதிமொழி. இவற்றிலும் கடவுள் இல்லை. வராண்டாவில் வரிசையாக நின்று வலது கையை நீட்டி, ஒருவர் படிக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். பிறகு டீ வருகிறது.

2022 டிசம்பரில் இதே புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித்துகள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. விசாரிக்கப்போன ஆட்சியர், அந்த மக்களை இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அழைத்துப்போக வேண்டியிருந்தது; அதுவரை அவர்களுக்கு அங்கே இடமில்லை. டீக்கடையில் இரட்டைக் குவளை. அடுத்த மாதம் 30ஆம் தேதியும் வந்தது, உறுதிமொழியும் வந்தது. எங்கள் ஜனங்கள் வாயால் சொன்னது போதாது என்று மரபணுச் சோதனைக்குப் போனார்கள். 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட அதே தெருவைச் சேர்ந்த மூன்று பேர் மேலேயே குற்றப்பத்திரிகை போட்டார்கள். நாங்கள் செய்யவில்லை என்று அந்தத் தெரு சொல்கிறது. அந்தச் சொல்லுக்கு என்ன எடை? சூடம் இருந்த இடத்தில் இப்போது ஆய்வுக்கூடம். சந்தேகப்படுகிற கண் மட்டும் பழைய கண்தான்.

கடவுளை எடுத்துவிட்டால் உறுதிமொழி சுத்தமாகிவிடும் என்ற நாத்திகரின் நம்பிக்கையை இங்கேதான் நான் மறுக்கிறேன். மனசாட்சி என்ன ஆகாயத்திலிருந்தா வருகிறது? அது வளர்ந்தது ஊர்த்தெருவில். கடவுள் இல்லை என்று மேடையில் பேசிவிட்டு, வீட்டில் பெண் எடுக்கும்போது சாதி பார்க்கிற மனசாட்சியை நாம் பார்க்காதவர்களா? உளமார என்கிறார்களே, அந்த உள்ளத்துக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதல்லவா விஷயம்?

கடவுள் இல்லாத உறுதிமொழி ஒன்று உண்மையிலேயே வேலை செய்த இடம் எனக்குத் தெரிந்து ஒன்று உண்டு. 14.10.1956, நாகபுரி. பிரம்மா, விஷ்ணு, மகேசுவரன் மேல் நம்பிக்கை வைக்கமாட்டேன், அவர்களை வணங்கமாட்டேன் என்று தொடங்கும் 22 உறுதிமொழிகளை அம்பேத்கர் சொல்ல லட்சக்கணக்கானவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அரசியல் சட்டத்தில் இரண்டு பேருக்கும் இடம் விட்டவர்தான் இங்கே இடம் விடவில்லை. எந்தக் கடவுள் நம் வார்த்தைக்கு ஜாமீன் நிற்க மறுத்ததோ அந்தக் கடவுளை நாம் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவது என்று அதைப் படிக்கிறேன். தனியாளின் மனசாட்சியாக இல்லாமல் கூட்டத்தின் முன்னால், கூட்டமாகவே சொன்ன சொல் அது. பக்கத்தில் நின்றவன்தான் பிணை.

அதற்கு இன்னமும் பயப்படுகிறார்கள். 2022 அக்டோபர் 5 அன்று டெல்லியில் ஆயிரக்கணக்கானவர்கள் அதே உறுதிமொழிகளை எடுத்த நிகழ்ச்சியில் ராஜேந்திர பால் கௌதம் கலந்துகொண்டார். அப்போது அவர் டெல்லி அமைச்சர். இந்துக் கடவுள்களை அவமதித்துவிட்டார் என்று கூச்சல் கிளம்பியது. நாலு நாளில் ராஜினாமா செய்தார். மந்திரியாக அரசியல் சட்டத்தின் பெயரில் எடுத்த உறுதிமொழி, அரசியல் சட்டத்தை எழுதியவர் கொடுத்த உறுதிமொழியோடு ஒரே வாயில் இருக்கமுடியாது என்றாகிவிட்டது. சொந்தக் கட்சியும் கூட நிற்கவில்லை. இதற்காக நாடெங்கும் நாத்திகர்கள் திரண்டார்களா என்று நண்பரிடம் கேட்டேன். 'அது பௌத்த விவகாரம்ல தோழர்' என்றார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். டீக்கடையில் எங்கள் பையன் ஒருவனை அடித்ததற்காக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு வழக்கு. தொண்ணூறுகளின் கடைசி. எந்தக் கோர்ட் என்பது வேண்டாம். எங்கள் தெருவிலிருந்து ஐந்து பேர் சாட்சி. ஒன்றைக் கவனியுங்கள்: எதிரிகளுக்குப் பிரமாணம் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் சத்தியம் வாங்கக்கூடாது என்பது சட்டம், நல்ல சட்டம்தான். ஊர்த்தெருவிலிருந்து சாட்சிக்கு யாரும் வரவில்லை. ஆக அன்றைக்கு அங்கே உண்மை பேசுவேன் என்று சத்தியம் செய்யவேண்டியிருந்தது பெரும்பாலும் நாங்கள்தான்.

டவாலி மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கூண்டில் ஏறினேன். 'கடவுள் அறிய' என்று தொடங்கினார் குமாஸ்தா. 'உறுதி கூறுகிறேன்னு சொல்றேங்க' என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

'ஏன், கிறிஸ்டியனா?'

'இல்லீங்க. கடவுள் இல்ல.'

'அப்ப பொய் சொன்னா யாருய்யா கேக்குறது?'

'193 கேக்கும்ங்க' என்றேன். பொய்ச்சாட்சிக்கு ஏழு வருடம் வரை போடுகிற பழைய பிரிவு அது. 2024 ஜூலையிலிருந்து அது 229. வக்கீல் சிரித்தார். குமாஸ்தா சிரிக்கவில்லை. சாட்சியம் எழுதுகிற தாளில் எதையோ அடித்துவிட்டு எழுதினார்.

வெளியே வந்தபோது அப்பா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். 'உள்ள என்னடா தகராறு?' என்றார். சொன்னேன். 'சாமி பேரச் சொல்லலியா? அப்ப நம்புனாங்களா?' என்று கேட்டார்.

தீர்ப்பு வர ஐந்து வருடம் ஆனது. எதிரிகள் விடுதலை. சாட்சிகள் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள், ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள், எனவே நம்பத்தகுந்தவர்கள் அல்ல என்று எழுதியிருந்தது. ஐந்து பேரில் நாலு பேர் கடவுள் பெயரால் சொன்னவர்கள். ஒருவன் உளமாரச் சொன்னவன்.